அகப்பைக் காம்பையும் அப்படித்தான் பிடித்தார்

முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். எட்டாம் வகுப்பில் ஒத்த கருத்துச் சொற்கள் என்று ஒரு பாடம் வரும். கிறிப், கிறாஸ்ப், கிளாஸ்ப், கிளச், கிளெஞ்ச், ஸ்குவீஸ், ஹோல்ட் என்று ஏழு சொற்களைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய வளைவு போட்டு, பக்கத்தில் 'பிடித்தல்' என்று ஒரேயொரு தமிழ்ச் சொல்லை எழுதிவிடுவேன். பிள்ளைகளும் கொப்பியில் அப்படியே எழுதுவார்கள். ஏழுக்கும் என்ன வித்தியாசம் ரீச்சர் என்று ஒருத்தி ஒருநாள் எழும்பிக் கேட்டாள். வித்தியாசம் இருந்தால் ஒத்த கருத்து என்று ஏன் சொல்கிறார்கள், இரும் என்று சொல்லி இருத்திவிட்டேன். நல்ல பதில் சொன்னதாக அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அறுபத்தாறு வயதில் அதே ஏழு சொற்களை வைத்துக்கொண்டு நான் திண்டாடியதைச் சொல்லவேண்டுமென்றால், முதலில் என் கணவரின் வலது கையைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கும் முதல், நாங்கள் இரண்டு பேரும் எட்டு மாதம் கதைபேச்சில்லாமல் இருந்ததைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் கதைபேச்சில்லை என்றால் சண்டை நடக்கிறது என்று அர்த்தமில்லை. சண்டை முடிந்துவிட்டது, சமையல், சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை எல்லாம் வழமைபோல நடக்கிறது, வார்த்தை மட்டும் இல்லை என்று அர்த்தம். ஒரே கூரைக்குக் கீழே இப்படிப் பத்து வருடம் இருந்த சோடிகளை எனக்குத் தெரியும். நாங்கள் எங்கள் நாய் மூலமாகக் காரியம் பார்த்தோம். "கேற் பூட்டேல்லைப் போல கிடக்கு" என்று அவர் நாயைப் பார்த்துச் சொல்லுவார். "பூட்டியாச்சு" என்று நானும் நாயைப் பார்த்துச் சொல்லுவேன். அது பாவம், இரண்டு பேருக்கும் வாலை ஆட்டும்.

காரணம் சின்னதல்ல. அவருக்கு ஒரேயொரு அண்ணை. நெல்லியடிப் பக்கத்தில் தாய் தகப்பனின் வளவில் இருந்தவர். அந்த வளவின் வேலியை அண்ணை ஒரு முழம் தள்ளி அடைத்துவிட்டார் என்று ஒரு பிரச்சினை. என் கணவர் நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரிலுள்ள எல்லைத் தகராறுகளை எல்லாம் சங்கிலி பிடித்து அளந்து தீர்த்து வைத்த மனிதருக்குத் தன் வீட்டு வேலியைத் தீர்க்கத் தெரியவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று தம்பி நிற்க, இல்லை இரண்டரைக் கால் என்று அண்ணை நிற்க, பதினைந்து வருடம் முகத்தில் முழிக்காமல் ஓடிவிட்டது. போன வருடம் ஆனி மாதம் ஒரு காலையில் அண்ணை இறந்துபோனார். ரெலிபோனை எடுத்தது நான். என் கணவருக்கு இருதயத்தில் அடைப்பு எடுத்து அன்றைக்குப் பத்து நாள்கூட ஆகவில்லை. கொஞ்ச நாளைக்கு அதிர்ச்சியான செய்தி ஒன்றும் சொல்லாதையுங்கோ என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் சொல்லவில்லை. அடுத்த நாள் பேப்பரில் மரண அறிவித்தல் வந்தபோது, பேப்பரை அரிசிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, பேப்பர்காரன் வரவில்லை என்றேன். பின்னேரம் கோயிலில் மாதர் ஐக்கியக் கூட்டம் என்று பொய் சொல்லிவிட்டுப் பருத்தித்துறை பஸ் ஏறிப்போய், அடக்கத்துக்கு நின்று, அண்ணையின் முகத்தைப் பார்த்து, மண்ணும் போட்டுவிட்டு வந்தேன். வந்தவுடன் நேரே கிணற்றடிக்குப் போய் முழுகினேன். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்பது வேதக்காரர் வீட்டிலும் விட்டுப்போகாத பழக்கம். "என்ன, பொழுதுபடுற நேரத்திலை முழுக்கு?" என்று கேட்டார். "வெக்கையாக் கிடக்கு" என்றேன். என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

வீட்டுப் பேப்பரை நான் ஒளிக்கலாம். சலூன்காரனின் பேப்பரை ஒளிக்க முடியுமா? ஐந்தாம் நாள் தலைமயிர் வெட்டப் போனவர், வாங்கிலில் கிடந்த பழைய பேப்பரைப் புரட்டியிருக்கிறார். அண்ணையின் படம். அதற்குக் கீழே மனைவி, மக்கள், மருமக்கள் என்று வரிசையாக வந்து, 'அன்னாரின் பாசமிகு சகோதரர்' என்ற இடத்தில் அவருடைய சொந்தப் பெயர். அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி மடித்துக்கொண்டு, மயிர் வெட்டாமலே வீட்டுக்கு வந்தார். மேசையில் விரித்து வைத்தார்.

"நீர் போனனீர்" என்றார்.

"ஓம்" என்றேன்.

அதுதான் கடைசி. கத்தவில்லை, கோப்பை எறியவில்லை. அன்றிரவு படுக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பியவர், எட்டு மாதமும் சுவர்ப்பக்கம்தான். எனக்கும் வீம்பு இருந்தது. உயிரைக் காப்பாற்றத்தானே செய்தேன், அதற்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சில நாட்களில் வேறுவிதமாகவும் தோன்றும். டொக்டர் சொன்னது எனக்கு வசதியாகப் போய்விட்டதா? செய்தியைச் சொன்னால் இந்த மனிதர் போகமாட்டேன் என்று நிற்பார், ஊர் கதைக்கும், எனக்கு வெட்கம் என்று பயந்தேனா? வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கும் சேர்த்து நானே முடிவெடுத்துப் பழகியது கையோடு வீட்டுக்கும் வந்துவிட்டதா? யோசிக்க யோசிக்க ஒன்றும் பிடிபடவில்லை. அண்ணையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் உரிமை தம்பிக்கு இருந்தது, அதை எடுத்தது நான் என்பது மட்டும் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் மாறவில்லை.

மாசி மாதம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. காலையில் பல் விளக்கப் போனவர் கிணற்றடியில் விழுந்தார். வலப்பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மூன்று வாரம் ஆசுப்பத்திரியில் வைத்திருந்து அரியாலையிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கண் திறந்திருக்கும். கஞ்சியை விழுங்குவார். இடது கையால் போர்வையை நோண்டுவார், மூக்கைச் சொறிவார். கூப்பிட்டால் சிலவேளை பார்ப்பார், சிலவேளை பார்க்கமாட்டார். ஆளுக்கு நினைவு, விளக்கம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டதற்கு, "உறுதியாச் சொல்லேலாது, பொறுத்துத்தான் பாக்கவேணும்" என்றார் டொக்டர்.

என்னுடைய பிரச்சினை அந்த விளக்கத்துக்குள்தான் இருந்தது. இவருக்கு என்னைத் தெரிகிறதா? தெரிந்தால், கோபம் தீர்ந்துவிட்டதா? வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. நடக்கவேண்டாம், கதைக்கவேண்டாம். இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் ஒருவருக்குக் கஞ்சி பருக்குவதும் துடைப்பதும் உடுப்பு மாற்றுவதும் எப்படிப்பட்டது என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் பின்னேரச் செபத்தில் அது நடந்தது. எங்கள் வீட்டில் கர்த்தர் கற்பித்த செபம் சொல்லும்போது எல்லோரும் கைகோத்துக்கொள்வது வழக்கம். கதைபேச்சில்லாத எட்டு மாதமும் அவர் விறாந்தையிலும் நான் குசினியிலுமாகத் தனித்தனியே செபித்தோம். அவர் கட்டிலில் விழுந்தபிறகு நான் பக்கத்தில் கதிரையைப் போட்டு, சும்மா கிடந்த அந்த வலது கைக்குள் என் கையை வைத்துச் செபம் சொல்லத் தொடங்கியிருந்தேன். அன்றைக்கு 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்ற இடம் வந்தபோது விரல்கள் மெல்ல மெல்ல மூடின. பிறகு இறுகின. என் மோதிரம் பக்கத்து விரலில் அழுந்தி நோகும் அளவுக்கு இறுகின. நான் செபத்தை விட்டுவிட்டேன். அதற்குமேல் வரி ஞாபகம் வரவில்லை. கண்ணீர் தாரை தாரையாக வந்துகொண்டிருந்தது.

அவரைப் பராமரிக்கப் பகலில் ஒரு பெண் வருவா. குருநகர்க்காரி, ஐம்பது வயதிருக்கும், கை நல்ல பலம். அவவைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் கையை வெளியே எடுக்க அவவும் சேர்ந்து ஒவ்வொரு விரலாகத் தூக்கவேண்டியிருந்தது.

"உடும்புப் பிடி ரீச்சர். ஐயா உங்களை விடமாட்டாராம்" என்றா.

அந்த ஒரு வசனத்தில் இரண்டு மாதம் சீவித்தேன். விஷயம் ஊருக்குள் பரவ, தோடம்பழமும் பிஸ்கற்றுமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கைக்குள் கையை வைத்தார்கள். எல்லோருடைய கையையும் அவர் பிடித்தார். "என்னை மட்டுக்கட்டிப்போட்டார்" என்று, தங்களை அடையாளம் தெரிந்துவிட்டதென்று ஒவ்வொருவரும் கண் கலங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரரை மட்டுக்கட்டினார். கூட வேலைசெய்த பழைய கந்தோர் நண்பரை மட்டுக்கட்டினார். பாஸ்ரர் வந்து கையைப் பிடித்து ஆசீர்வதித்துவிட்டு, ஐந்து நிமிடம் கையை எடுக்கமுடியாமல் குனிந்தபடி நின்று, "விசுவாசம் இறுக்கமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். வாழ்நாளில் முதற்தடவையாக எங்கள் வீட்டுப் படி ஏறிய ஒரு காப்புறுதி முகவரையும் மட்டுக்கட்டினார். அந்த இடத்திலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. வேண்டாம் என்று தள்ளிவைத்திருந்தேன் என்பதுதான் சரி.

ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் மகளுக்கு ஒரு சிநேகிதி. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, கை கால் வழங்காதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. அந்தப் பிள்ளை தினமும் நிரப்பச் சொல்லி ஒரு தாளை போனில் அனுப்பியது. இடப்பக்கத்தில் ஆங்கிலத்தில் சொற்கள், வலப்பக்கத்தில் நாட்களுக்கான கட்டங்கள். சொற்களைப் பார்த்தவுடன் எனக்குத் தலை சுற்றியது. என்னுடைய கரும்பலகையில் இருந்த அதே ஏழும், இம்முறை வளைவு இல்லாமல், ஒவ்வொன்றும் தனித்தனி வரிசையில். எட்டாவது வரிசையில் றிலீஸ். விடுதல்.

"இதிலை எதுக்குச் சரி போடுறது பிள்ளை? எல்லாம் ஒண்டுதானே" என்று போனில் கேட்டேன்.

"இல்லை அன்ரி, எல்லாம் வேற வேற. வேற வேற எண்டதாலைதான் எழுதினனான்" என்றது பிள்ளை. ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர் என்று மகள் முதலே சொல்லி வைத்திருப்பாள். அந்தப் பிள்ளை மரியாதைக்குச் சிரிக்காமல் இருந்தது எனக்கு விளங்கியது.

பெரிய அகராதியை அலுமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கினேன். கிறிப் என்றால் இறுக்கமான கிறாஸ்ப் என்று போட்டிருந்தது. கிறாஸ்ப்பைத் தேடிப் போனால் உறுதியான கிறிப். கிளாஸ்ப்புக்கு இறுக்கமான ஹோல்ட். கிளச்சுக்குப் பதற்றமான கிறாஸ்ப். சுற்றிச் சுற்றிச் சுப்பற்றை கொல்லைக்குள் என்று வந்த இடத்துக்கே வந்து நின்றேன். முதல்நாள் கிறிப்புக்குச் சரி போட்டேன். அடுத்த நாள் கிளாஸ்ப்புக்கு. அன்புள்ளவர்கள் கைகோப்பதற்கு அதைத்தான் சொல்வது என்று எங்கோ படித்த ஞாபகம். ஆசை யாரைத்தான் விட்டது. மூன்றாம் நாள் இரண்டையும் அழித்துவிட்டு ஹோல்ட் என்றேன். றிலீஸ் வரிசையை வெறுமையாகவே விட்டுக்கொண்டு வந்தேன்.

"என்ன ரீச்சர், பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி எழுதி எழுதி அழிக்கிறியள்?" என்று குருநகர்க்காரி கேட்டா.

"ஐயா எப்பிடிப் பிடிக்கிறார் எண்டு எழுதோணுமாம்."

"இறுக்கி."

"இறுக்கி எண்டதிலை ஏழு விதம் இருக்கு."

"வெள்ளைக்காரர் கையை வைச்சுக்கொண்டு வேற வேலை செய்யிறேல்லைப் போல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் சுடவைக்கப் போய்விட்டா. தமிழிலும் இல்லாமலா இருக்கிறது? பற்றுதல், கவ்வுதல், பொத்துதல், அணைத்தல் என்று எத்தனை. கரும்பலகையில் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒவ்வொன்றை எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பாதிப் பதிலாவது கிடைத்திருக்கும். எனக்குத்தான் அவசரம், பாடத்தை முடிக்கவேண்டும்.

ஒரு கிழமை கழித்து அந்தப் பிள்ளை வீடியோவில் வந்தது. என்னுடைய சரிகள் ஒவ்வொரு நாளும் இடம் மாறுவது அதற்குப் பொறுக்கவில்லை. "அன்ரி, போனை அங்கிளின்ரை கையடியிலை பிடியுங்கோ. இப்ப ஒரு பேனையை அவரின்ரை உள்ளங்கையிலை வையுங்கோ" என்றது. குருநகர்க்காரி வைத்தா. விரல்கள் மூடின, இறுகின. "துவாயைச் சுருட்டி வையுங்கோ." மூடின, இறுகின. "இனி ஏதாவது தடியா ஒண்டு." குசினியிலிருந்து அகப்பை வந்தது. அகப்பைக் காம்பையும் அப்படித்தான் பிடித்தார். அதே வேகம், அதே இறுக்கம், அதே உடும்புப் பிடி. இழுத்துப் பார்த்தால் இன்னும் இறுகியது.

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பது வருடம் இந்த மனிதரோடு குடும்பம் நடத்திவிட்டு ஒரு அகப்பைக் காம்பின்மேல் பொறாமைப்படுவேன் என்று யாரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

"இது அவர் பிடிக்கிறேல்லை அன்ரி" என்றது பிள்ளை மெல்லமாக. "சின்னப் பேபியின்ரை கையிலை விரலை வைச்சா மூடும்தானே, அது மாதிரி. மூளை அடிபட்டா அது திரும்ப வரும். அவர் நினைச்சுச் செய்யிறேல்லை. நீங்கள் றிலீஸ் கட்டத்திலை ஒண்டும் போடேல்லை. கையை ஆர் திறக்கிறது?"

"நாங்கள்தான் விரலைத் தூக்கி எடுக்கிறனாங்கள்."

"ஓ... அப்ப அதைத்தான் பாக்கவேணும். பிடிச்சதை அவராத் திறக்கிறாரோ எண்டு. வலது கை அவர் சொல்லுக் கேக்காது. இடது கை கேக்கும். இடது கையைக் கவனியுங்கோ."

போனை வைத்தபிறகு நான் கதிரையில் போய் இருந்துவிட்டேன். குருநகர்க்காரி அகப்பையைப் பறிக்கப் படாதபாடு பட்டா.

"எங்கடை அவர் கடலுக்குப் போய் நண்டு கொண்டு வாறவர்" என்றா, விரலைத் தூக்கியபடியே. "கொடுக்கை முறிச்சுப் போட்டாலும் அது வலையைப் பிடிச்சது பிடிச்சபடி கிடக்கும் ரீச்சர். நண்டுக்கு அது தெரியாது. நண்டு சட்டிக்குள்ளை."

ஆறுதலுக்குத்தான் சொன்னா என்று நினைக்கிறேன். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கையும் என்னைப் பிடிக்கவில்லை, கோபமும் தீரவில்லை, தீர்ந்ததா இல்லையா என்று கேட்க ஆளும் இல்லை என்றால் நான் யாரோடு இந்த வீட்டில் இருக்கிறேன்? ஒரு கிழமை அந்தக் கைக்குள் என் கையை வைக்காமல் செபம் சொன்னேன். வைக்காமல் இருந்ததும் பொறுக்கவில்லை. நண்டுக் கொடுக்கோ எதுவோ, என் கையைச் சுற்றி அவருடைய சூடு இருந்தது. எட்டாவது நாள் திரும்பவும் வைத்தேன். இப்படிச் செய்வது பைத்தியக்காரத்தனமா, பழக்கமா என்று யாரிடம் போய்க் கேட்பது?

ஆடி மாதம். சோளகம் வீசுகிற நாட்கள். யன்னல் சீலை பறந்து பறந்து விழுந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், செபத்துக்குக் கை வைத்தேன், கை இறுகியது. வழமையைவிட இறுக்கம், எலும்பு நொந்தது. குருநகர்க்காரியைக் கூப்பிட வாயெடுத்தவள், ஏனோ கூப்பிடவில்லை. கோபம்தான் வந்தது. யார்மீது என்று சொல்லத் தெரியாத கோபம். அவரைப் பார்த்து, நாயைப் பார்த்தல்ல, அவருடைய முகத்தைப் பார்த்து, ஒரு வருடத்துக்குமேல் கழித்து நேராகக் கதைத்தேன்.

"இஞ்சாருங்கோ. கேக்குதோ கேக்கேல்லையோ எனக்குத் தெரியாது. உங்கடை அண்ணை செத்ததை நான் மறைச்சது பிழை. டொக்டர் சொன்னவர்தான், எண்டாலும் பிழை. நீங்கள் போறதோ விடுறதோ, அதை நீங்கள் முடிவெடுத்திருக்கவேணும். நான் எடுத்துப்போட்டன். நீங்கள் போகவேண்டிய இடத்துக்கு நான் களவாப் போட்டு வந்து முழுகினனான். என்னை மன்னியுங்கோ."

அவர் கண் என்மேல் நின்றது. சீலையைப் பார்ப்பதுபோல அல்ல, என்னைப் பார்த்தார். பிறகு போர்வையை நோண்டிக்கொண்டிருந்த இடது கை நின்றது. நெஞ்சுக்குமேலால் ஊர்ந்து வந்தது. மிக மெதுவாக, வழியில் ஒரு தடவை களைத்து நின்று, திரும்பவும் வந்தது. வந்து, தன்னுடைய வலது கையின் சின்னவிரலைத் தூக்கியது. தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்ததைத் தூக்கியது. அது நழுவி விழ, திரும்பத் தூக்கியது. நாலு விரலையும் தூக்கி முடிக்க எவ்வளவு நேரம் சென்றது என்று எனக்குத் தெரியாது. நான் மூச்சு விட்டேனா என்றும் தெரியாது. கடைசியில் என் கையை அந்த இடது கை வெளியே தள்ளிவிட்டது. அதன்பிறகு உடம்பையும் முகத்தையும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சரியாக அந்த எட்டு மாதத்துத் திரும்பல். தோளை ஒரு சுண்டு சுண்டிவிட்டுத் திரும்புவதுகூட அதேதான்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. குருநகர்க்காரி ஓடிவந்தா. "என்ன ரீச்சர், என்ன நடந்தது?"

"ஐயாவுக்கு என்னைத் தெரியுது" என்றேன்.

"ஐயோ, கர்த்தரே. சந்தோசம்தானே, பிறகேன் அழுறியள்?"

"கோவம் தீரேல்லை."

அவ என்னையும் பார்த்தா, கட்டிலையும் பார்த்தா. ஒன்றும் விளங்காமல் வெளியே போனா. எனக்கு மட்டும் விளங்கியதா என்ன? ஒரு கை என்னை விடமாட்டேன் என்கிறது, அதில் அவர் இல்லை. மற்றக் கை என்னைப் போ என்கிறது, அதில் அவர் முழுதாக இருக்கிறார். நான் சந்தோசப்படுவதா, எழும்பிப் போவதா? கையில் அவருடைய விரல் பதிந்த தடம் சிவந்து கிடந்தது. எனக்கு நோ எடுத்ததைக் கண்டு விடுவித்தாரோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. சுவரைப் பார்த்தபடி கிடந்த அந்தத் தலை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

நான் போகவில்லை. கதிரையை இன்னும் கிட்டவாக இழுத்துப் போட்டேன். அவருடைய முதுகுக்குக் கதை சொல்லத் தொடங்கினேன். எட்டு மாதம் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அண்ணைக்கு வெள்ளை வேட்டியும் நாஷனல் சட்டையும் உடுத்தியிருந்தார்கள் என்று சொன்னேன். முகம் நல்லாகச் சவரம் செய்திருந்தது, நித்திரை மாதிரி இருந்தது, மூக்கு உங்களுடைய மூக்குத்தான் என்று சொன்னேன். என்ன ஞானப்பாட்டுப் படித்தார்கள், யார் யார் பெட்டி தூக்கினார்கள், அந்த வேலிக்கரையால்தான் பெட்டி போனது என்று சொன்னேன். அந்த இடத்தில் நிறுத்தினேன்.

சுவரைப் பார்த்தபடியே அவர் இடது கையால் மெத்தையைத் தட்டினார். ஒருமுறை. கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை. சொல்லு என்று.

சொன்னேன். குழிக்குள் இறக்கியதையும் மண் போட்டதையும் சொன்னேன். உங்களுக்காகவும் ஒரு பிடி சேர்த்துப் போட்டேன் என்று சொன்னேன். இன்னும் ஒன்று மிச்சமிருந்தது, அண்ணையின் மனைவி என்னிடம் சொன்னது. அதை நான் மகளிடம்கூடச் சொன்னதில்லை. வேலியைவிட, அடக்கத்தைவிட, அதற்குத்தான் நான் இவ்வளவு நாளும் பயந்து கிடந்தேன். சொன்னால் இந்த உடம்பு தாங்குமோ தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் திரும்பவும் அதே களவு.

"மச்சாள் என்னைக் கட்டிப்பிடிச்சு அழேக்கை ஒண்டு சொன்னவ" என்றேன். "கடைசி மூண்டு நாளும் கேற் சத்தம் கேக்கிற நேரமெல்லாம், தம்பியோ வாறான் எண்டு அண்ணை கேட்டவராம்."

மெத்தையில் தட்டிய கை நின்றது. முதுகு ஆடத் தொடங்கியது. சத்தமில்லாமல், தோளும் பிடரியும் குலுங்க, சுவரைப் பார்த்தபடி அவர் அழுதார். என் கை தன்பாட்டில் அவரை நோக்கிப் போனது. நான் அதைத் திருப்பி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கும்வரைக்கும் பக்கத்தில் இருந்தேன்.